சாய்ந்து நின்ற குளம்

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை பூமி குலுங்கியதிலிருந்து, அந்தமானில் திக்லிபூருக்குத் தெற்கே மண்டல் பாபுவின் குளத்தில் தண்ணீர் சாய்வாக நிற்கிறது. அன்று அதன் கிழக்கு விளிம்பு கரையைவிட நான்கடி உயர்ந்தது. ஒரு சொட்டும் வழியவில்லை. ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது. பிறகு பெண்கள் துவைக்கிற கல்லைத் தெற்குக் கரைக்கு நகர்த்தினார்கள், பிள்ளைகள் தண்ணீரின் சரிவில் சறுக்கி விளையாடக் கற்றுக்கொண்டார்கள். போர்ட் பிளேரிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் மட்டம் பார்த்துவிட்டு, கருவியில் ஏதோ கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார். அந்தக் குளத்துக் கட்லா மீனுக்கு யாரும் விலையைக் கூட்டியும் கொடுக்கவில்லை, குறைத்தும் கேட்கவில்லை.

கிழக்குக் கரைக்குக் கீழே இருபது எட்டு தூரத்தில் சுகுணாவின் தகர வீடு இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறிய அவளுடைய அப்பா அம்மா இருவரையும் அதே காலையில் அலை கொண்டுபோயிருந்தது. தினமும் அடுப்புப் பற்றவைக்கும் முன் அவள் கரையேறி, நின்றிருக்கும் தண்ணீரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். படுத்திருக்கும் மாட்டின் வயிற்றைப் போல அது மெல்ல ஏறி இறங்கும். உயரத்தைப் பாக்கு மரத்தில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்வாள். தண்ணிக்கு ஜுரமா அடிக்குது, தெனம் தொட்டுப் பாக்குறா என்று பக்கத்து வீட்டு அங்கம்மா சிரிப்பாள். அதையெல்லாம்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்தத் தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து கணவன் யோகராஜ் வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் அவள் மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருந்தாள். சொன்னால் அவன், "குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது புள்ள. பூமியே ஆடி முடிச்சிருச்சு, இனிமே என்ன" என்பான்.

யோகராஜ் ரோடு போடும் வேலையில் தினக்கூலி மஜ்தூராக இருந்தான். மற்ற நேரமெல்லாம் தூண்டில்தான். மூங்கில் கம்பில் ஆரம்பித்து, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ரீல் வைத்த ராடு வரவழைக்கும் வரை போயிருந்தான். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, பட்டாணி அளவு ஈயக்குண்டு, தண்ணீரில் தெரியாத மெல்லிய தூண்டில் நரம்பு. கெண்டை வகை மீன் இரையை விழுங்காது, உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். தக்கை ஆடியதும் சுண்டுகிறவன் ஏமாளி, அது பக்கவாட்டில் நகரும் வரை பொறுக்க வேண்டும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்குவான். பெரிய மீன் வேண்டுமானால் ஏழு நாள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், முள் இல்லாமல் தீனி மட்டும் போட்டுப் பழக்க வேண்டும் என்பான். கன்றுக்குட்டி அளவில் ஒரு கட்லா அந்தக் குளத்தில் இருப்பது அவனுக்குத் தெரியும். எங்கே கிடக்கிறது என்பது தெரியாது.

சுகுணாவுக்குத் தெரியும். தினமும் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதானே. அது கிழக்கே கிடந்தது; அது கிடக்கிற பக்கம்தான் தண்ணீர் உயர்ந்திருந்தது. நான்காவது வருட மழையில் அது அரை நாள் வடக்கே போனபோது, விளிம்பும் கூடவே வடக்கே போய்த் திரும்பியதைப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அவள் மேற்குக் கரைக்குப் போனாள். அங்கே வீடு கிடையாது, காடு மட்டும்தான். புண்ணாக்கும் தவிடும் வறுத்த வெந்தயப் பொடியும் சேர்த்து உருட்டி, யோகராஜ் வேலையிலிருந்து திரும்புமுன் சரியாக நாலு மணிக்குப் போட்டாள். மூன்றாம் நாள் தண்ணீர் பாக்கு மரத்துக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியது. பதினோராம் நாள் கிழக்கே ஒரு சாண்தான் மிச்சம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மீன் இருக்கும் இடம் அவனுக்குத் தெரிந்துவிடும். மீனைப் பழக்கியது முள்ளுக்குத்தான் என்பதும், அதைத் தன் கையாலேயே செய்திருப்பதும் பன்னிரண்டாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மேற்கே சோறு கொதிப்பதுபோலப் பொடிக் குமிழ் எழும்புவதை யோகராஜ் பார்த்துவிட்டு, ராடை எடுத்துக்கொண்டு நடந்தான். தீனி டப்பாவோடு அவள் பின்னால் ஓடினாள்.

நிழல் தண்ணீரில் விழாமல் அவன் குந்தி உட்கார்ந்தான். தக்கை இரண்டு முறை ஆடியது, அவன் அசையவில்லை. பிறகு அது மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. சுண்டினான். ரீல் கத்தியது. மீன் நேராகக் கிழக்கே ஓட, அதோடு தண்ணீரும் எழுந்தது. நான்கடி, ஆறடி, தகரக் கூரைக்கும் மேலே.

"என்னங்க, அது நம்ம வீட்டு மேல போகுது. நிறுத்துங்க."

"நிறுத்துனா நரம்பு அறுந்துரும் புள்ள. அறுந்தா அது அங்கேயே நின்னுக்கும்."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. இந்த நடுக்கத்துக்காக நான்கு வருடம் காத்திருந்தவள் சுகுணா. அந்த நேரத்தில் தனக்குள் எழுந்த ஆறுதலை நினைத்து வெட்கப்பட்டாள். அவன் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவன் ராடைத் தண்ணீரோடு ஒட்டிச் சாய்த்து, பக்கவாட்டில் இழுத்தான். மீன் இழுத்தால் நரம்பைக் கொடுத்தான், களைத்தால் சுற்றினான். ஒரு தடவை விளிம்பு குனிந்து கூரையை நனைத்துவிட்டு நிமிர்ந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மீன் திரும்பியது. தண்ணீரும் அதன் பின்னாலேயே மேற்கே வந்தது.

கரையோரம் அது பக்கம் சாய்ந்து கிடந்தது. கைவலை அதன் தலைக்குக்கூடப் போதாது.

"வெளிய எடுத்தா என்ன ஆகும்?"

"தெரியலங்க."

தெரிந்துகொள்ள இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. யோகராஜ் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, உதட்டிலிருந்து முள்ளைக் கழற்றினான். சுகுணா ஒரு உருண்டையை அதன் வாயருகே நீட்டினாள். அது உறிஞ்சிப் பார்த்தது, துப்பவில்லை.

அதன் பிறகு தண்ணீர் காட்டுப் பக்கம் ஒன்பதடி உயரத்தில் நிற்கிறது. தினமும் நாலு மணிக்குத் தீனி போட்டுச் சுகுணா மீனை அங்கேயே வைத்திருந்தாள். வனக் காவலர்கள் எல்லைக் கல்லைப் பத்தடி தள்ளி நட்டார்கள். 2011இல் சுகுணாவுக்குப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. அங்கே இருந்த பத்து நாளும் யோகராஜ் வரவில்லை. எட்டாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கிய அங்கம்மா கட்டிலோரம் உட்கார்ந்து பொரிந்து தள்ளினாள்.

"என்ன மனுசன்டி அவன். புள்ள மூஞ்சியக்கூடப் பாக்க வரல. நாலு மணி ஆச்சுன்னா புண்ணாக்கு டப்பாவத் தூக்கிக்கிட்டு ஓடுறான். கையெல்லாம் நடுங்குது அவனுக்கு."

"நடுங்குதாக்கா?"

"நடுங்குது."

சுகுணா குழந்தையின் பக்கம் திரும்பிப் படுத்து, மறுநாள் டாக்டர் வந்து எழுப்பும் வரை தூங்கினாள்.