எவெரார்தோவின் பயப்பட்டை

மலைச்சாலை உச்சியில் இருக்கும் மினாஸ் மேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் வந்து சேருகிறவனுக்கு யாரும் முதலில் வணக்கம் சொல்வதில்லை. நேரே அவன் வண்டியின் பின்னால் போய்க் குந்துவார்கள். பின் டயரைப் பார்த்த பிறகுதான் ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். வளைவில் வண்டியை நன்றாகச் சாய்த்து ஓட்டுகிறவனுக்கு டயர் ஓரம் வரை தேய்ந்திருக்கும். சாய்க்கப் பயப்படுகிறவனுக்கு இரண்டு ஓரத்திலும் தேயாத ரப்பர் ஒரு பட்டையாக மிஞ்சி நிற்கும். அதற்குப் பயப்பட்டை என்று பெயர். வாயால் எவ்வளவு அளந்தாலும் டயர் காட்டிக்கொடுத்துவிடும்.

எவெரார்தோவின் பயப்பட்டை அந்த மேட்டிலேயே பேர்போனது. இரண்டு விரல் அகலம். "இதுல சோளமே விதைக்கலாம்டா" என்பான் ஒவீதியோ. எவெரார்தோவும் கூடவே சிரிப்பான். அவனுக்குச் சாய்க்க வராது. அதே மாதிரி பொய் சொல்லவும் வராது. யாராவது பழைய வண்டி வாங்கப் போனால், "எவெரார்தோ பார்த்துட்டு என்ன சொன்னான்?" என்றுதான் மற்றவர்கள் கேட்பார்கள். அந்த மேட்டில் அவனுக்கு இருந்த மரியாதை அவன் வார்த்தை ஒன்றுதான்.

அன்றைக்கு அவன் தன் இன்னொரு வண்டியில் வந்திருந்தான். இங்கே வருகிற எல்லோருக்கும் வீட்டில் இன்னொரு வண்டி உண்டு. வந்த வண்டியைப் பற்றிப் பேசுவதைவிட வராத வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எவெரார்தோவின் இன்னொரு வண்டி ஒரு சின்ன நீல வண்டி. மலைக்குக் கீழே கால்தாஸ் ஊரில், அவன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் போர்வை மூடிக் கிடந்தது. அதை ஒவீதியோவுக்கு விற்பதாகப் பேச்சு. பெரிய வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, விற்பனை முடிந்தால் ஒவீதியோவின் பின்னால் தொற்றிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று வந்திருந்தான்.

"சும்மா நின்ன வண்டிடா. டயர் மாத்தினதுலேர்ந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டு வந்ததோட சரி. கார்மென் மாதா சத்தியமா" என்று போன வாரமே சொல்லியிருந்தான். ஓடிய தூரம் காட்டும் கம்பி அறுந்து வருடக்கணக்காகிறது. ஆகவே அவன் வார்த்தைதான் கணக்கு.

ஒவீதியோ குந்தினான். குந்தியவன் எழுந்திருக்கவில்லை. அடுத்து அர்ஹெமீரோ குந்தினான். டயரைப் பற்றி இந்த மலையில் அவனைக் கேட்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. அவனும் எழுந்திருக்கவில்லை.

"என்னடா, ரெண்டு பேரும் முட்டையா போடுறீங்க?" என்றான் எவெரார்தோ.

"நீயே வந்து பாரு மாப்ள" என்றான் ஒவீதியோ. அந்தக் குரலில் கேலி இல்லை.

எவெரார்தோ குனிந்தான். பட்டையே இல்லை. இரண்டு ஓரமும் விளிம்பு வரை தேய்ந்து, ரப்பர் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டிருந்தது. காலையில் கிளம்பும்போது டேங்க்கைத் துடைத்திருந்தான், கைப்பிடியைத் துடைத்திருந்தான், டயரை மட்டும் அவன் பார்க்கவில்லை. தானே மாட்டிய புது டயரை யார் பார்ப்பார்கள்?

"காத்து இறங்கியிருக்கும்" என்று அர்ஹெமீரோ ஆரம்பித்தான். "காத்து கம்மியா இருந்தா ஓரம்தான் முதல்ல போகும். நான் அப்பவே சொன்னேன், இந்த மெத்து ரப்பரு வேணாம், கெட்டி ரப்பரா போடுன்னு. என் வீட்டுல நிக்குற வண்டிக்கு..."

"டேய், ஓடினாத்தானே தேயும்? நின்ன வண்டிக்குக் காத்து இருந்தா என்ன, போனா என்ன?" என்றான் ஒவீதியோ. "நின்ன டயரு வெடிக்கும். தேயாது. என் வீட்டுல இருக்கிறதே, அது..."

அவ்வளவுதான், இருவரும் அவரவர் வீட்டு வண்டிக்குப் போய்விட்டார்கள். மெத்து ரப்பர் மழையில் பிடிக்கும் என்றான் ஒருவன். பிடித்து என்ன, ஒரு வருடத்தில் வழுக்கையாகிவிடும் என்றான் மற்றவன். எவெரார்தோவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. காலையில் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது; தான் பத்திரமாக வைத்திருந்ததால்தான் என்று பெருமைப்பட்டிருந்தான். டேங்க்கில் பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. எப்போதோ தானே ஊற்றியிருப்போம் என்று நினைத்திருந்தான். இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"முன் டயரும் ஓரம் வரைக்கும் போயிருக்கு. கால் வைக்கிற கம்பியும் ரோட்டுல உரசியிருக்கு" என்றான் அர்ஹெமீரோ, மெதுவாக. "இத ஓட்டினவன் வளைவுக்குள்ள பிரேக்கைத் தொடுறவன் இல்ல. எவெரார்தோ, இது நீ இல்ல."

"நான் இல்லைன்னுதானே சொல்றேன்!"

"நின்ன வண்டின்னு சொன்ன" என்றான் ஒவீதியோ. "மாதா மேல சத்தியம் பண்ணின. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறியா? உன் வார்த்தையை நம்பித்தான்டா நான் வேற வண்டியே பாக்கல."

அந்தச் சொல் சுட்டது. பயந்தாங்கொள்ளி என்றால் தாங்கிக்கொள்வான். பொய்யன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்போதுதான் மேட்டுக் கடைக்கார மக்னோலியா தட்டில் வெல்லத் தண்ணீரும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு வந்தாள். நீல வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, புதன்கிழமை வண்டி! அந்த அம்மா எங்க?"

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எந்த அம்மா?" என்றான் எவெரார்தோ.

"எனக்கென்ன பேரு தெரியும்? புதன்கிழமை தவறாம வருவாங்க. பாலாடைக்கட்டியை வெல்லத் தண்ணியில பிச்சுப் போட்டு ஊறவைப்பாங்க. அரேப்பா ரொட்டியில கருகின ஓரம் இருந்தா அதை மட்டும் பிச்சு நாய்க்குப் போடுவாங்க. அப்புறம் லா பிந்தாதா பக்கம் இறங்குவாங்க பாருங்க, லாரிக்காரனுங்களே ஹாரன் அடிச்சு சலாம் போடுவானுங்க."

எவெரார்தோவின் வீட்டில் அப்படிப் பிய்த்த கருகின ஓரம் எப்போதும் அவன் தட்டுக்குத்தான் வரும்.

"ஓஹோ!" என்றான் ஒவீதியோ. "வண்டியை எவளுக்கோ குடுத்து வச்சிருக்கான்டா நம்ம உத்தமன்."

"எவளுக்கோ இல்ல" என்றான் எவெரார்தோ. "அது என் பொண்டாட்டி."

அர்ஹெமீரோ வெல்லத் தண்ணீரை மூக்கு வழியாக விட்டான்.

"நொயேலியாவா?" என்றான் ஒவீதியோ. "கல்யாணமான புதுசுல ஒரு தடவை உன் பின்னாடி உக்காந்துட்டு, பாதி வழியில இறங்கி வீட்டுக்கு நடந்தே போனாளே, அவளா? அவளுக்கு பைக்குன்னாலே பயம்னு இருபது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கிறது யாரு? அப்ப சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? ஒண்ணைச் சொல்லு."

எவெரார்தோ மறுபடி டயரைப் பார்த்தான். தன் வார்த்தையும் தன் வார்த்தையும் மோதுகிறபோது எந்தப் பக்கம் நிற்பது? அவள் பயப்படுகிறவள்தான், அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஆனால் டயரையும் கண்ணால்தான் பார்த்தான். கோபம் வந்தது, அது யார் மீது என்று தெரியவில்லை. சற்று எட்டப் போய் வீட்டுக்குப் போன் போட்டான்.

"நொயேலியா, புதன்கிழமை நீ மினாஸ் மேட்டுக்கு வர்றியா?"

"வண்டியை வித்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அவன் கேட்டதில்லை. சனிக்கிழமை இரவு, வண்டியைக் கொடுக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அவள் கழுவிய தட்டையே மறுபடி கழுவியது இப்போது புரிந்தது.

"இன்னும் இல்ல. இவனுங்க என்னைப் பொய்யன்ங்கிறானுங்க. நீ இங்க வரணும்."

"பஸ் இப்ப கிடையாதே" என்றாள். பிறகு, "உங்க பெரிய வண்டிச் சாவி எங்க இருக்கு?"

சொன்னான். சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. தன் பெரிய வண்டியை அவன் தம்பிக்குக்கூடத் தந்ததில்லை. ஒவீதியோ, வந்ததற்கு இதாவது மிஞ்சட்டும் என்று, கடையில் ஒரு சொரிசோ சாசேஜை வாங்கித் தின்றுகொண்டிருந்தான். மூடுபனி ஏறியது. எவெரார்தோ சாலையையே பார்த்து நின்றான். அவள் விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு மனம். வராமலே போய்விட்டால் தன் பேர் என்னாவது என்று இன்னொரு மனம். இரண்டாவது மனத்தை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

முதலில் சத்தம்தான் கேட்டது. அவன் வண்டிச் சத்தம் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. அவன் அப்படி முடுக்கியதில்லை. பனிக்குள்ளிருந்து வண்டி கடைசி வளைவில் ஒரு பக்கமாகப் படுத்து, எழுந்து, நேராக வந்து கடை முன்னால் நின்றது. நொயேலியா ஹெல்மெட்டைக் கழற்றினாள். வீட்டில் போட்டிருந்த அதே பூப்போட்ட சட்டை, மேலே அவனுடைய பழைய ஜாக்கெட்.

யாரும் வணக்கம் சொல்லவில்லை. வழக்கப்படி மூவரும் வண்டியின் பின்னால் போய்க் குந்தினார்கள். இரண்டு விரல் பட்டை நூலளவாகச் சுருங்கியிருந்தது. அதை ஒட்டிப் புதிதாக உரசிய ரப்பர் இன்னும் சூடாக இருந்தது.

"சோளக்காட்டை உழுதுட்டாங்கடா" என்று முணுமுணுத்தான் ஒவீதியோ. எழுந்து எவெரார்தோவின் தோளில் கை வைத்தான். "மன்னிச்சுக்க மாப்ள. அப்ப அந்த இருபது வருஷம்?"

"பொய் இல்ல" என்றான் எவெரார்தோ. "தெரியாம சொன்னது." பிறகு நொயேலியாவிடம் திரும்பினான். "உனக்குத்தான் பைக்குன்னா பயமாச்சே?"

"பைக்குன்னா எனக்கென்ன பயம்? கல்யாணத்துக்கு முன்னாடியே ஹர்தீன் மலையெல்லாம் அண்ணன் வண்டியில சுத்தினவதான் நான். உங்க பின்னாடி உக்காரத்தான் பயம்."

மக்னோலியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான். அவனுக்கு நிஜமாகவே வலித்தது.

"சொல்லியிருந்தா நீங்க எனக்குச் சொல்லித்தர ஆரம்பிச்சிருப்பீங்க."

ஆரம்பித்திருப்பான்தான். அர்ஹெமீரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மலையில் யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டான்: "அக்கா, அந்தச் சின்ன வண்டிக்கு அடுத்த தடவை என்ன டயர் போடலாம்?"

"முன்னாடி மெத்து, பின்னாடி கெட்டி" என்றாள் அவள் யோசிக்காமல். "காத்தை மட்டும் இவர் மாதிரி கல்லா அடைக்கக் கூடாது."

எவெரார்தோ பையிலிருந்து நீல வண்டியின் சாவியை எடுத்தான். ஒவீதியோவைப் பார்த்து, "வண்டி விக்கிறதுக்கில்லடா" என்றான். சாவியை அவளிடம் கொடுத்தான். பெருமையா அவமானமா, எது தன்னை அப்படிச் செய்ய வைத்தது என்று அவனுக்கு வீடு போய்ச் சேரும் வரையிலும் விளங்கப் போவதில்லை.

"நீ முன்னாடி போ. நான் பெரிய வண்டியில பின்னாடியே வர்றேன்."

நொயேலியா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பிவிட்டு, முகக் கண்ணாடியை உயர்த்தித் திரும்பினாள்.

"வளைவுல என்னையே பாத்துக்கிட்டு வராதீங்க" என்றாள். "போக வேண்டிய ரோட்டைப் பாருங்க. சாய்றது தானா வரும்."