ரோஸ் கவரில் வந்த சிவப்பு

என் ஜெராக்ஸ் கடைக்குத் தெரியாமல் எங்கள் கடைத்தெருவில் ஒரு கல்யாணமோ பாகப்பிரிவினையோ நடந்ததில்லை. தர்மாம்பாள் அடுத்தவர் காகிதத்தைப் படிக்கிறாள் என்று என்னைச் சொல்வார்கள். மெஷினில் கவிழ்த்து வைக்கும் முன் எது எழுதிய பக்கம் என்று பார்க்க வேண்டாமா? பார்க்கும்போது கண் சும்மா இருக்குமா? ஆள் இல்லாத வீடுகளுக்கு வரும் கூரியரும் என் கடையில்தான் இறங்கும். அதையும் பார்ப்பேன். அதாவது, பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன்.

எதிர் வரிசையில் இருக்கிறார் குணசேகரன். அறுவடை மெஷின் ரிப்பேர் செய்பவர். சம்பா அறுப்பு முடிந்து வேலை ஓய்ந்தால் மாடியறைக்கு ஏறிவிடுவார். அங்கே லேசர் பெட்டி ஒன்று செய்கிறார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளியை ஒன்றாக்கி, இரண்டு குட்டிக் கண்ணாடிகளை ஆட்டி, தூரத்துத் திரையில் படம் வரைகிற பெட்டி. அவர் வீட்டுக் குளியலறைக் கதவு மூன்று வருஷமாகச் சாத்த வராது. அது நமக்கெதற்கு.

போன வருஷம் தெப்பத் திருவிழாவில் குளத்துக்கு அக்கரையில் வெள்ளைத் துணி கட்டித் தாமரை வரைந்தார். பச்சையும் நீலமும் பளிச்சென்று வந்தன. சிவப்பு மட்டும் சோகை பிடித்தது போல வந்தது. சிவப்புத் தாமரை என்று அவர் மைக்கில் சொல்லிவிட்டார். துணியில் மலர்ந்ததோ வேறொரு நிறம். கூட்டத்தில் யாரோ, "பாசி புடிச்ச தாமரடி!" என்றார்கள். யாரோ என்ன, நான்தான். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே பாசித் தாமரை என்றாகிவிட்டது. மெஷின் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட அப்படித்தான் வழி கேட்கிறார்கள்.

இந்த வருஷம் விழாக் குழுச் செயலாளர் வேம்பு தீர்த்துச் சொல்லிவிட்டார். "குணா, இந்தத் தடவையும் பச்சையா வந்துச்சுன்னா, அடுத்த வருஷம் தஞ்சாவூர்லேர்ந்து எல்இடி திரை வந்துரும். அப்பறம் என்னைக் கொற சொல்லக் கூடாது."

ஆகவே நல்ல சிவப்பு டையோடு வேண்டும். பெட்டிக்குள் சிவப்பு ஒளியைக் கக்குகிற குட்டிச் சாமான் அது. ஒன்றிரண்டு கேட்டால் வெளிநாட்டு வியாபாரி திரும்பிப் பார்ப்பதில்லை. பதினைந்தாகச் சேர்ந்து கேட்டால்தான் மொத்த விலை. இவரைப் போலவே மாடியறையில் ஒளிந்திருக்கும் ஆட்களைத் தேடி வாட்ஸப் குழு தொடங்கினார். 'சிவப்பு வாங்குவோர்' என்று பெயர். கட்சி என்று நினைத்து இரண்டு பேர் சேர்ந்து, விஷயம் தெரிந்து விலகினார்கள். மிச்சம் பதினான்கு பேர்.

அவர் கொண்டுவந்த விவரத்தாள்களை நகல் எடுத்தவள் என்பதால் எனக்கும் பாடம் ஆயிற்று. ஒளியின் அலைநீளக் கணக்கில் சிவப்பில் இரண்டு ரகம். 650 என்பது அடர் சிவப்பு, ஒரு வாட், சூடு தாங்கும். 638 கொஞ்சம் இளஞ்சிவப்பு, முக்கால் வாட்டுக்கும் குறைவு, சீக்கிரம் சூடாகும். ஆனால் மனிதக் கண்ணுக்கு 638தான் பளிச்சென்று தெரியுமாம். போன வருஷம் பாசி பிடித்தது பழைய அரை வாட் 650. குணசேகரனுக்கு மனசு 638 பக்கம். குழுவில் பாதிப் பேர் ஒரு வாட் பக்கம். மோட்டார் வாங்கும்போது எத்தனை ஹெச்பி என்று மட்டும் பார்க்கிற ஊர் அல்லவா.

சண்டை தீர, ரகத்துக்கு ஒன்றாக மாதிரி வரவழைத்தார்கள். வந்து இறங்கியது என் கடையில்.

டேப் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. தூக்கியிருக்காவிட்டால் தொட்டிருக்க மாட்டேன் என்று சொன்னால் நீங்களும் நம்பப் போவதில்லை. காலையிலிருந்து நில அடங்கல் நகல் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஷட்டரைத் தொட்டால் விரல் நுனியில் சுரீர் என்னும். அந்தக் கையோடு பெட்டிக்குள் விரலை விட்டேன். இரண்டு குட்டி ரோஸ் கவர்கள். 638 என்று எழுதியதைப் பிரித்து உள்ளங்கையில் கவிழ்த்தேன்.

இவ்வளவுதானா! தங்க நிறத்தில் ஒரு பொட்டு, பின்னால் மூன்று கால். அச்சு அசல் மூக்குத்தி. கடைக் கண்ணாடியில் மூக்கோரம் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. மூக்கில் சுரீர் என்று ஒன்று பட்டது. பழையபடி கவரில் போட்டு, டேப்பை நீவி ஒட்டி வைத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் நெல் அவிக்கிற மில்லின் இருட்டுக் கிடங்கில் பரிசோதனை. குழுவிலிருந்து, தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆய்வகம் பார்க்கும் வானதி வந்திருந்தாள். முத்துப்பேட்டையிலிருந்து கல்யாண விளக்கு போடும் ஜாஃபர் சாதிக்கும். ஒரு நகலைக் கொடுக்கிற சாக்கில் நானும்.

நெல் அவிக்கிற தொட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்ததும் ஆவி உள்ளே வந்தது. குணசேகரன் 650ஐப் போட்டார். ஆவிக்குள் சிவப்புக் கயிறு கட்டினாற்போல் ஒரு கோடு நின்றது. அடுத்து 638. டிவியை அணைத்தால் ஓரத்தில் எரியுமே ஒரு சின்ன விளக்கு, அந்த அளவு. கயிறும் இல்லை, நூலும் இல்லை.

"இதுக்கா குணா மூணு மாசம் சண்ட போட்டீங்க?" என்றார் ஜாஃபர். "எங்க வீட்டு ஊதுவத்தி இதவிட நல்லா எரியும்."

"இருங்க பாய். கணக்குப்படி இது அதவிடப் பளிச்னு தெரியணும்," என்றாள் வானதி. "அண்ணே, கவர வெறுங்கையால பிரிச்சீங்களா? உடம்புல இருக்கற துளி கரண்ட்டு போதும், இது செத்துரும். செத்தாலும் இப்படித்தான் மங்கலா எரியும், ஆளை ஏமாத்தும்."

"கையில பட்டை கட்டி, எர்த் பண்ணித்தாம்மா பிரிச்சேன். அதுக்கு முன்னாடி அக்கா கடையில பத்திரமா இருந்துச்சு." குணசேகரன் என் பக்கம் நன்றியோடு தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

"அப்ப 650தான். ஆறு மணிக்குள்ள வியாபாரிக்குச் சொல்லணும், இல்லேன்னா சரக்கு வேற ஆளுக்குப் போயிரும்," என்றார் ஜாஃபர்.

"ஒரு வாட்டுல பாதிப் பாசி போகுதான்னு பாப்போம்," என்று குணசேகரன் மெதுவாகச் சொன்னார். பாசி என்கிற வார்த்தையை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன்.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். ஊரார் விஷயம் என்றால் நாக்கு தானாகப் புரளும். இது என் விஷயம். தண்ணீர் குடித்தேன். ஒரே ஆதார் அட்டையை நாலு தடவை நகல் எடுத்தேன். நாலே முக்காலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மில்லுக்கு ஓடினேன். மூவரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குணா, அந்த 638ஐ நான் தொட்டேன்ப்பா."

"எந்தக் கையால?" என்றாள் வானதி. கோபம் இல்லை, அத்தனை ஆர்வம் அந்தப் பெண்ணுக்கு.

"கையாலயும் தொட்டேன். மூக்குலயும் வெச்சுப் பாத்தேன்."

ஜாஃபருக்கு டீ புரையேறியது. "மூக்குலயா!"

"சுரீர்னு பட்டுச்சாக்கா?" என்று கேட்டார் குணசேகரன்.

"பட்டுச்சு. மூக்கு ஓரத்துல."

திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். மனுஷர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "வானதி! தாள் பொய் சொல்லல! அக்கா கொன்னுட்டாங்க! டையோடு நல்ல டையோடு!" மாடு கன்று போட்ட மாதிரி ஒரு சந்தோஷம். என்னைக் கொலைகாரி என்று சொல்லி ஒரு ஆள் அவ்வளவு குளிர்ந்து நான் பார்த்ததில்லை.

ஜாஃபர் அசையவில்லை. "எனக்குச் சரி. மிச்சப் பேரு நம்ப வேணாமா? ஊரு சேதியெல்லாம் ஒலிபரப்பற அக்கா, இதையும் அவங்க வாயாலயே ஒலிபரப்பட்டும்." போனை என் முன்னால் நீட்டினார்.

பதினான்கு பேருக்கும் என் குரலிலேயே போனது, மூக்கு உட்பட. முதல் பதில், 'இந்த அம்மா யாரு?' அடுத்தது, கண்ணீர் வழியச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழு 638க்குச் சம்மதித்தது. ஆனால் பதினைந்துக்கு ஒரு ஆள் குறைந்தது.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினைந்தாவது டையோடு என் பெயரில் பதிவாயிற்று.

பங்குனியில் தெப்பத் திருவிழா வந்தது. ஆறு காய்ந்து கிடந்ததால் போர்வெல் தண்ணீரில் நிரப்பிய குளம். பெட்டிக்குள் டையோடு சூடாகாமலிருக்க இரண்டு ஃபேன் வைத்திருந்தார் குணசேகரன். விளக்கணைத்ததும் அக்கரைத் துணியில் இதழ் இதழாக ஒரு தாமரை விரிந்தது. சிவப்பு. தண்ணீரிலும் தலைகீழாக ஒன்று. வேம்பு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் செம்பருத்தி மாதிரி இருக்கு," என்றார். அது அவர் பாராட்டு. கூட்டம் என் பக்கம் திரும்பியது, நான் என்ன பெயர் வைக்கப் போகிறேன் என்று. வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் வேறு பெயர் வந்துவிட்டதே. மில்லுப் பக்கம் போனால் இப்போது 'லேசர் மூக்குத்தி' என்கிறார்கள்.

என் டையோடு கல்லாப் பெட்டிக்குள் ரப்பர் ஸ்டாம்புகளோடு இருக்கிறது, ரோஸ் கவரில். ஸ்டேப்ளரால் நாலு பக்கமும் அடித்து வைத்திருக்கிறேன். இது எனக்கே சொந்தமான சாமான், பிரித்துப் பார்த்தால் கேட்க ஆளில்லை. வானதியிடம் கையில் கட்டுகிற அந்தப் பட்டை ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.