அம்மாவைப் பார்க்க வந்தவர்கள்

மாத்தளையிலிருந்து பெண் பார்க்க வந்த அம்மாள், பெண் நீட்டிய தேநீரைப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். அவருடைய கண் பெண்ணின் தாய் விஜயலெட்சுமியின் மேல் இருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளில் தொடங்கி, மூக்கோரத்திலிருந்து வாய்க்கடை வரை விழுந்திருந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தாடைக்குக் கீழே ஆடிய சதையில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தப் பார்வை விதுஷாவிடம் போனது. போன வேகத்தில் தாயிடமே திரும்பியும் வந்தது. முறுக்கைக் கடித்தபடி, “அம்மா ஜாடை அப்புடியே இருக்கு” என்றார். அங்கிருந்த எல்லோரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள், விஜயலெட்சுமியின் கணவர் புவனேந்திரனைத் தவிர.

புவனேந்திரனுக்குப் பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை. தகப்பன் விட்டுப்போன கடை. விவரமான வாடிக்கையாளர் மேசையில் விரித்துப்போடும் புதுத்துணியை நம்பமாட்டார் என்பது அவருக்குக் கால்சட்டை போட்ட வயதிலேயே தெரியும். விவரமானவர் வாசலில் வெயில் பட மாதக்கணக்காகத் தொங்கும் துணியின் நுனியைப் பிடிப்பார். மடிப்புக்குள்ளே இருக்கும் நிறத்தையும் வெளியே வெளுத்த நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். “இன்னொரு நாளைக்கு வாறேன்” என்று படியிறங்கிவிடுவார். மாத்தளைக்காரர்களும் இன்னொரு நாளைக்கு வருவதாகச் சொல்லித்தான் வேன் ஏறினார்கள். அதற்கு முந்தி அட்டன்காரர்களும். தரகர் போனில் நிறைய இருமிவிட்டுச் சொன்னார்: “பொண்ணுல ஒரு கொறையும் இல்லீங்களாம் மொதலாளி. அம்மாவப் பாத்தாங்களாம். இன்னும் கொஞ்ச காலம் போனா பொண்ணும் இப்புடித்தானே ஆகும்னு பையனோட அம்மா சொல்லுச்சாம்.”

அதைப் புவனேந்திரன் சாப்பாட்டு மேசையில், மகள் இருக்கும்போதே, கொழும்பிலிருந்து வரவேண்டிய சரக்கு சுணங்குகிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். “ஒன் மொகந்தான் தடங்கலாம், விஜயா.” விதுஷா தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். இருபத்தொன்பது வயது; தகப்பனின் கெட்டிக்காரத்தனம் முழுக்க வந்திருந்தது. “கொழும்புல இப்ப அதெல்லாம் சரி பண்றாங்கம்மா. வெட்டுக்குத்து ஒன்னும் இல்ல. நூல் போட்டு இழுக்குறாங்க. எனக்காகச் செய்ங்களேன்” என்றாள்.

விஜயலெட்சுமி உடனே தலையாட்டவில்லை. கேட்ட விலைக்கு உடனே தலையாட்டக்கூடாது என்று அவளும் அந்தக் கடையில்தான் படித்திருந்தாள். உண்மையில் சில வருடங்களாகவே குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு விரலால் கன்னங்களைக் காது வரை தூக்கிப் பிடித்து, அங்கே வந்து நிற்கிறவளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது அவள் வழக்கம். அந்த முகத்துக்கு ஒரு காலத்தில் நல்ல கிராக்கி. பசறைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கடைக்கு வேலைக்கு வந்தவளுக்காகவே ஆட்கள் தேவையில்லாத தாவணியெல்லாம் வாங்கிப்போனார்கள். முதலாளி மகனும் அதற்காகத்தான் கட்டிக்கொண்டார். “மொகத்தப் பாத்துச் சரக்கு எடுக்குறான் பாரு” என்று அவருடைய தகப்பன் கல்யாணப் பந்தலிலேயே சொன்னார். தனக்காக இதைக் கேட்டிருந்தால் வீடே சிரித்திருக்கும். மகளுக்காக என்றால் எதையும் கேட்கலாம். “சரி, ஒனக்காகத்தானே” என்று அவள் கடைசியில் சொன்னபோது அதில் ஒரு தியாகத்தின் அலுப்பு சரியான அளவில் இருந்தது.

கொழும்பில் டொக்டர் றின்ஸா விளக்கை அவள் முகத்துக்கு நேரே திருப்பி, பேனாவால் கன்னத்தில் கோடு போட்டுக் காட்டினார். ஊசி மருந்தால் பள்ளத்தை நிரப்பலாம், நூல் போட்டுத் தூக்கலாம், காதுக்குப் பின்னால் வெட்டி இழுத்துத் தைக்கலாம். வெட்டினால் நெடுநாள் நிற்கும், நூல் என்றால் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

“நூலுன்னா என்ன நூலு?” என்று கேட்டார் புவனேந்திரன். அவருடைய தாடையும் இரண்டாக மடிந்து சட்டைக் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கிறவர்கள் நல்ல வியாபாரம் என்று நினைப்பார்கள்.

“சின்னக் கொக்கி வெச்ச நூல். தோலுக்குள்ளயே கரைஞ்சிரும். ஒரு வருசம், ஒன்றரை வருசம் நிக்கும்.”

“அப்புறம்?”

“பழையபடி எறங்கும்.”

“அப்ப வாடகைக்குத்தான் எடுக்குறோம்.” கொஞ்சம் யோசித்தார். “ஒரு பக்கம் மட்டும் போட்டா பாதி எடுப்பீங்களா? பொண்ணு பாக்க வாறவங்க வலப்பக்கந்தான் ஒக்காருவாங்க.”

டொக்டருக்கு இது புதிதில்லை போலிருந்தது. “ரெண்டு பக்கமும் போட்டா ஒங்க கழுத்தையும் சும்மா பாத்துச் சொல்றேன்” என்றார். புவனேந்திரன் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். பிறகு டொக்டர் விஜயலெட்சுமியிடம் திரும்பினார். வீக்கமும் கன்றிய நிறமும் வற்ற இரண்டு மூன்று வாரமாகும். நூல் பிடிக்கும் வரை மல்லாந்துதான் படுக்கவேண்டும், எதையும் கடித்துச் சாப்பிடக்கூடாது. “வாய அகலமாத் தொறக்காதீங்க. சத்தம் போட்டுச் சிரிக்கிறது, கத்துறது ஒன்னும் வேணாம். பேச்சையும் கொறைச்சுக்கங்க.”

“அதுக்குத் தனியாக் காசா, இல்ல இதோட சேர்ந்ததா?” என்று கேட்டார் புவனேந்திரன். விதுஷா சிரித்தாள். விஜயலெட்சுமியும் சிரித்தாள், இனிச் சிரிக்கமுடியாது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே.

அடுத்த சம்பந்தம் பண்டாரவளையில் மருந்துக்கடைக்காரர் வீடு. பையன் கிருஷ்ணராஜ் டுபாயில் கணக்கு வேலை. மாதக் கடைசியில் வருவதாக இருந்தார்கள். அதற்குள் முகம் தேறிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் நூலும் போட்டார்கள். ஆனால் பையனுக்கு லீவு மாறிவிட்டது. நூல் போட்டு வந்த வாரமே, வருகிற ஞாயிறு நல்ல நாள் என்று போன் வந்தது. விஜயலெட்சுமியின் முகம் அப்போது பழுக்கவைத்த வாழைப்பழத்தின் நிறத்தில் இருந்தது. இடது கன்னத்தில் நூல் இழுத்த இடத்தில் ஒரு பள்ளம். வலது கன்னம் அதைவிட மேலே. நாளை மாற்றினால் பையன் போய்விடுவான், வேறு இடம் பார்ப்பார்கள். புவனேந்திரன் பசறைக்குப் போன் போட்டு விஜயலெட்சுமியின் தங்கை யோகமலரை வரச்சொன்னார். நாற்பத்தாறு வயது, பிள்ளை இல்லை, புருஷன் கட்டாரில், முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அம்மா கண்டி ஆஸ்பத்திரியில், சித்திதான் எல்லாவற்றையும் பார்க்கிறாள் என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு. விஜயலெட்சுமி உள் அறையில் திரைக்குப் பின்னால் சத்தம் காட்டாமல் இருக்கவேண்டும்.

ஏற்பாடு அப்படித்தான் இருந்தது. ஆனால் பண்டாரவளை அம்மாள் உட்கார்ந்ததும் உட்காராததுமாக யோகமலரைப் பார்த்துவிட்டார். நெற்றி, கண், கன்னம், தாடை. பார்வை வழுக்கிக்கொண்டே போனது, தங்குவதற்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. “இவங்கதான் அம்மாவா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். அந்த மூச்சைப் புவனேந்திரன் விடவில்லை. கலப்புத் துணியை வாடிக்கையாளர் தானாகவே பட்டு என்று சொன்னால் மறுத்துப் பேசாதே, ஆமென்றும் சொல்லாதே, அடுத்த துணியை விரி என்பது அவருடைய கை பழகிய பழக்கம். “டீ எடுங்க, ஆறிரும்” என்றார். தரகர் நாட்காட்டியில் நல்ல நேரம் பார்த்தார். யோகமலர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த இழுப்பில் மறுப்பு எதுவும் இல்லை. பண்டாரவளை அம்மாள் சிரித்தபடி விதுஷாவின் கையைப் பிடித்தார். “இத்தன பெரிய பொண்ணுக்கு அம்மான்னு யாரு நம்புவாங்க? சொல்லு கண்ணு, அம்மாதானே?”

“ஆமாங்க” என்றாள் விதுஷா.

திரைக்குப் பின்னால் விஜயலெட்சுமி எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். இடது கன்னத்துக்குள் கொக்கி எதையோ கவ்வி இழுத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் தானாக மூடிக்கொண்டது. இரண்டு கையாலும் கன்னங்களைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். டொக்டர் சொன்னதற்காக மூடினாளா, நூல் அறுந்துவிடும் என்று பயந்தாளா, அல்லது சம்பந்தம் படிகிற சத்தம் காதில் விழுந்ததாலா என்று பிறகு எத்தனை முறை யோசித்தும் அவளுக்கே பிடிபடவில்லை. வெளியே கலகலப்பாக இருந்தது. மகளுக்குப் பிடித்திருக்கிறது என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

“நான் என்னம்மா செய்ய?” என்றாள் விதுஷா, வேன் போன பிறகு. “கண்டி ஆஸ்பத்திரின்னு சொன்னா, வந்து பாக்குறோம்னு நிப்பாங்க. இந்த மொகத்தோட ஒங்களக் காட்டச் சொல்றீங்களா?” தகப்பன் இடையில் புகுந்து, தாலி ஏறட்டும், ஏறிவிட்டால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள், அதுவரை யோகமலருக்குச் சுகமில்லாத அக்கா ஒருத்தி இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன் என்றார். பண்டாரவளையிலிருந்து தினமும் போன் வந்தது, சம்பந்தியம்மாவைக் கேட்டார்கள், யோகமலரின் நம்பர் கொடுக்கப்பட்டது. ஒரு வாரத்தில் யோகமலர் கூறைப் புடவையின் நிறத்தைத் தீர்மானித்துவிட்டாள். “அரக்கு வேணாம் அக்கா, விதுவுக்கு எடுக்காது. நம்ம பிள்ளைக்கு மயில் பச்சைதான்” என்றாள். நம்ம பிள்ளை.

“தாரை வார்க்குறப்ப ஒங்க பக்கத்துல யாரு ஒக்காருறது?” என்று விஜயலெட்சுமி பல்லைத் திறக்காமல் கேட்டாள். புவனேந்திரன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். மனையில் பெண்ணைப் பெற்றவர்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து தண்ணீர் ஊற்றவேண்டிய சடங்கு அது. யோகமலர் மட்டும், “அதுக்கு இன்னும் நாள் கெடக்கே அத்தான்” என்றாள், அவர் கேட்டதைப் போல.

முகம் தேறியது. டொக்டர் கெட்டிக்காரிதான். பள்ளம் தூர்ந்தது, நிறம் வெளுத்தது, தாடை ஒரே கோடாக வந்து காதோடு சேர்ந்தது. விஜயலெட்சுமி இப்போது கண்ணாடி முன்னால் கைகளைத் தொங்கவிட்டு நிற்கலாம். புவனேந்திரன் ஒருநாள் அவளைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் பண்ணியிருக்கு. மூனு வாரம் முந்தியே பண்ணியிருக்கணும்” என்றார்.

அவர் கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போன நாள், கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம், விஜயலெட்சுமி தனியாக மேசைக்குப் பின்னால் நின்றபோது பண்டாரவளை அம்மாள் படியேறினார். ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்க வந்தாராம். சம்பந்தி கடையை எட்டிப் பார்த்துவிட்டு, சேலைக்கு ஒரு சட்டைத்துணியும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தாராம். பேசிக்கொண்டே வந்தவர் நின்றார். விஜயலெட்சுமிக்கு அந்தப் பார்வை தெரியும். நெற்றியில் தொடங்கியது, கண்ணுக்குக் கீழே இறங்கியது, கன்னத்தில் வழுக்கியது, தாடைக் கோட்டில் ஓடியது. எங்கேயும் தங்கவில்லை.

“சம்பந்தியம்மாவுக்கு ஒரு அக்கா இருக்குன்னாங்களே. நீங்கதானா அது? சொகமில்லன்னு சொன்னாங்க, ஒங்களப் பாத்தா அப்புடித் தெரியலையே.” அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க, அவங்கள விட நீங்கதான் எளமையா இருக்கீங்க. என்னத்தப் பூசுறீங்க?” என்று சொல்லிக்கொண்டே தன்னுடைய கன்னத்தை ஒரு விரலால் மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

விஜயலெட்சுமிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வெட்கமாக இருந்தது, ஆனால் நிறைந்துதான் போனது. இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை, வேறு யாருடைய விலாசத்துக்கோ வந்தது போல வந்திருந்தது. வாங்கி வைத்துக்கொள்ளலாம். அல்லது, நான் விதுஷாவைப் பெற்றவள் என்று சொல்லலாம். சொன்னால் இந்த அம்மாளின் முகம் என்னவாகும், தரகர் போனில் எத்தனை முறை இருமுவார், விதுஷா எந்த அறையில் போய்க் கதவைச் சாத்துவாள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் வாயைத் திறந்தாள். இப்போது எதுவும் இழுக்கவில்லை.

“நான் வந்து, விதுஷாவோட...”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. விதுஷா சாப்பாட்டுப் பையோடு நின்றாள். மாமியாரைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், தாயின் திறந்த வாயைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை.

“பெரியம்மா,” என்றாள் தெளிவாக, “சாப்பாடு கொண்டாந்திருக்கேன்.”

“வா கண்ணு, ஒன் பெரியம்மாவோடதான் பேசிக்கிட்டு இருக்கேன்” என்றார் பண்டாரவளை அம்மாள். “என்ன சொல்ல வந்தீங்க?”

“ஒன்னுமில்லீங்க” என்றாள் விஜயலெட்சுமி. “எந்தத் துணி கேட்டீங்க?”

அவர் மேல்தட்டிலிருந்த நீலத்தைக் காட்டினார். விஜயலெட்சுமி துணிக்கட்டை இறக்கி மேசையில் போட்டு, நுனியைப் பிடித்து இழுத்து, மீட்டர் கம்பியை வைத்து அளக்கத் தொடங்கினாள். ஒரு மீட்டர் போதும் என்று பண்டாரவளை அம்மாள் சொன்னார். கட்டு புரண்டது. ஒரு சட்டைக்குத்தான் என்று மறுபடியும் சொன்னார். கட்டு தொம் தொம்மென்று மேசையில் புரண்டுகொண்டே இருந்தது. நீலத்துணி மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்து, மடிப்பு மடிப்பாகக் குவிந்து, படியில் நின்ற விதுஷாவின் கால்களை நோக்கி மெல்ல நகர்ந்து வந்தது. “போதுங்க, போதும்” என்றார் அந்த அம்மாள். விஜயலெட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்து அழகாகச் சிரித்தாள். கை அளந்துகொண்டே இருந்தது.