பீப் அடித்த தாயத்து

மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். கிருஷாந்திக்கு இறங்கும். கட்டுகஸ்தோட்டையில் அவள் போன் திருத்தும் கடையின் முதலாளி பஹ்மி நானாவுக்கு அது தெரியும். அவள் மெல்லப் பேசத் தொடங்கினால் வந்த வாடிக்கையாளரைத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கண்டி நகரத்துப் பாடசாலை மண்டபத்தில் தலைமை நடுவராக நின்ற டக்ளஸுக்கு அது தெரிய நியாயமில்லை.

செஸ் போட்டியில் ஆறு சுற்று முடிந்து கடைசிச் சுற்று மிச்சமிருந்தது. ஆறையும் வென்றவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கிருஷாந்தி: இருபத்திரண்டு வயது, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள், இதற்கு முன் எந்தப் பட்டியலிலும் பேர் வராதவள். மற்றவன் தெனுவன்: கம்பஸில் படிக்கிறவன், மூன்று வருடமாகக் கிண்ணத்தை வீட்டு அலுமாரியில் அடுக்குகிறவன். இருவரில் வெல்கிறவர் கொழும்பில் தேசியப் போட்டிக்குப் போகலாம்.

தெனுவனின் தகப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. நடுவர் மேசைக்கு வந்து, தன் போனைத் தூக்கிக் காட்டிச் சிங்களத்தில் சத்தம் போட்டார். மேசையில் மைக் இருந்தது. அதை யாரும் அணைத்திருக்கவில்லை.

"இவளுடைய ஐந்தாவது ஆட்டத்தை இதில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, கம்ப்யூட்டர் சொல்லும் நகர்வுகள். வேலை செய்வதோ போன் கடையில். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? ஹொரா!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. வெளியே விறாந்தையில், 'பெற்றோருக்கு அனுமதியில்லை' என்ற பலகைக்குக் கீழே, சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா ஜெயராணிக்கும் கேட்டது. ஜெயராணிக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் ஹொரா என்றால் கள்ளன் என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். முதல் பஸ்ஸில் மகளோடு சிரித்துக்கொண்டு வந்தவள் இப்போது எழும்பி நின்றாள். கதவருகில் நின்ற பையன்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கிருஷாந்தி அதைக் கண்டாள். கிண்ணம், கொழும்பு எல்லாம் அந்த நிமிடமே மனசை விட்டுப் போய்விட்டன. இந்தச் சொல்லோடு அம்மாவைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றக் கூடாது. அது ஒன்றுதான் மிஞ்சியது.

டக்ளஸ் உலோகம் கண்டுபிடிக்கும் கைக்கருவியை எடுத்து அவள் உடம்போரமாகக் கொண்டுபோனார். இடது புஜத்துக்கு வந்ததும் அது பீப் என்று கத்தியது. தகப்பனின் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்க்க வேண்டுமே!

"என்ன அது?" என்று டக்ளஸ் சிங்களத்தில் கேட்டார். இரண்டு நாளாக அவளோடு அவர் சிங்களமும் இங்கிலீஷும் மட்டும்தான்.

"தாயத்து சேர்," என்றாள் கிருஷாந்தி தமிழில். "டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். மாரியம்மன் கோயில் பூசாரி கட்டுனது. நாப்பத்தெட்டு நாளைக்குக் கழட்டக் கூடாது. இன்னைக்கு நாப்பத்தி ஒண்ணு."

"திறந்து காட்டட்டும்," என்றார் தகப்பன்.

கிருஷாந்தியின் குரல் இறங்கியது. அவருக்கு விளங்கட்டும் என்று சிங்களத்துக்கு மாறினாள்.

"ஐயா, இது நாலு பக்கமும் மூடி மெழுகு வைத்த செப்புக்கூடு. இதுக்குள்ளே சிக்னல் போகாது. நான் போன் கடைக்காரிதானே, களவு செய்வதென்றால் இவ்வளவு மடத்தனமாகவா செய்வேன்? அந்த ஐந்தாவது ஆட்டத்தைச் சொன்னீர்கள். எதிரே இருந்தவர் ஒன்பதாவது நகர்வில் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். அதை எடுக்கக் கம்ப்யூட்டரா வேணும்? ஆறாவது ஆட்டத்தையும் போட்டுப் பாருங்கள். இரண்டே நகர்வில் ராஜாவை மடக்கியிருக்கலாம். நான் காணவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் இழுபட்டேன். எந்தக் கம்ப்யூட்டர் அதைச் சொல்லித் தந்தது?"

டக்ளஸ் ஆறாவது ஆட்டத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவருக்கு விளங்கிவிட்டது, ஆனால் விளங்கியதை வாயால் சொல்ல மனிதனுக்குக் கொஞ்சம் முதுகெலும்பும் வேண்டுமே.

"இருந்தாலும், முறை என்று ஒன்று இருக்கிறது," என்று இழுத்தார்.

"முறைன்னா எல்லாத்துக்கும் முறை சேர்," என்றாள் அவள், மறுபடி தமிழில். "என்னைய மட்டும்தானே தடவுனீங்க. அவரையும் தடவுங்க. அவருக்குச் சத்தம் வரலைன்னா, இதை நானே ஒடைச்சுக் காட்டுறேன். அந்தப் பாவம் எனக்கு."

பூசாரி கட்டியதை உடைத்தால் அம்மா ஒரு மாதம் தூங்க மாட்டாள். சொன்னது சொன்னதுதான், ஆனது ஆகட்டும்.

டக்ளஸ் கருவியைத் தெனுவனிடம் கொண்டுபோனார். காற்சட்டைப் பை, இடுப்பு, முதுகு, ஒன்றுமில்லை. தகப்பன் சிரிக்கத் தொடங்கினார். கழுத்துக்கு வந்ததும் அது பீப் என்று கத்தியது. அவளுக்குக் கத்தியதை விட ஒரு பிடி கூடவே கத்தியது என்று பிறகு கடையில் அவள் சொன்னாள். அது அவள் கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம்.

தெனுவன் நல்ல பையன். வெட்கத்தோடு சட்டைப் பொத்தானைத் திறந்து, கறுப்பு நூலில் தொங்கிய வெள்ளிக் கூட்டை வெளியே எடுத்தான். சிங்களவர்கள் கட்டும் சுரய. அதுவும் தாயத்துத்தான்.

"அப்பாதான் நேற்று இரவு கட்டிவிட்டார்," என்றான், தகப்பனைக் காட்டி. பிறகு கிருஷாந்தியைப் பார்த்தான். "உங்களிடம் தோற்கக் கூடாது என்று."

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"சரி, இரண்டையும் உடைப்போமா?" என்றாள் கிருஷாந்தி சிங்களத்தில், சிரிக்காமல்.

"வேண்டாம், வேண்டாம்!" தகப்பன் பதறிப்போனார். "அது மந்திரித்தது. திறந்தால் பலன் போய்விடும். விளையாடட்டும், இரண்டு பேரும் அப்படியே விளையாடட்டும்."

தன் வீட்டுச் சாமிக்கு மட்டும்தான் நோகும் என்று நினைக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கண்டியில் மட்டும் இல்லாமல் போவார்களா?

விளையாடினார்கள். பதினேழாவது நகர்வில் கிருஷாந்தி கவனப்பிசகாக ஒரு சிப்பாயைப் பறிகொடுத்தாள். எழும்பி நின்று, 'இதையும் உங்கள் போனில் போட்டுப் பாருங்கள்' என்று கத்த ஆசையாக இருந்தது. அடக்கிக்கொண்டாள். குதிரைகள் போய், யானைகள் போய், மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினபோது, தெனுவனின் ராஜா ஒரு கட்டம் பிந்தி நின்றது. அவளுடைய ஓரத்துச் சிப்பாயை அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. அவன் இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினான்.

"நல்லா விளையாடினீங்க," என்றான், தனக்குத் தெரிந்த தமிழில்.

ஆட்டத்தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். தெனுவன் போட்டுவிட்டுப் பேனையை நீட்டினான். கிருஷாந்தி வாங்கி, மூடியை மாட்டி, மேசையில் வைத்தாள்.

"என்ன?" என்றார் டக்ளஸ்.

"கள்ளின்னு மைக்குல சொன்னாங்க. இல்லைன்னும் மைக்குல சொல்லுங்க. அதுக்கப்புறம் போடுறேன்."

"நான் சொல்லவில்லையே, அவர்தானே..."

"மைக் உங்க மேசையில இருந்துச்சு சேர்."

டக்ளஸ் வியர்வையைத் துடைத்தார். மைக்கை எடுத்துச் சிங்களத்தில் சொன்னார். இங்கிலீஷில் சொன்னார். மண்டபம் கைதட்டியது. தெனுவனும் தட்டினான். அவனுடைய தகப்பன் போனை நோண்டினார். டக்ளஸ் மைக்கை வைத்துவிட்டுப் பேனையைக் காட்டினார்.

"தமிழ்லயும்," என்றாள் கிருஷாந்தி. குரல் அவருக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இறங்கியிருந்தது.

"எனக்குத் தமிழ் அவ்வளவாக..."

"நேத்துத் தேத்தண்ணி நேரம் உங்க அம்மாவோட போன்ல பேசுனீங்க. நல்ல தமிழ்தான் சேர். 'மாத்திரை போட்டீங்களாம்மா'ன்னு கேட்டீங்க. எங்கம்மாவும் வெளியில நிக்கிறாங்க. அவங்க காதுல அந்தச் சொல் விழுந்துருச்சு. இது விழாம நாங்க பஸ் ஏற மாட்டோம்."

டக்ளஸ் அவளைப் பார்த்தார். விறாந்தையைப் பார்த்தார். அங்கே ஜெயராணி இன்னும் உட்காரவில்லை; அந்த மூன்று மணித்தியாலமும் நின்றபடியே நின்றிருந்தாள். அவர் மைக்கை எடுத்தார்.

"கிருஷாந்தியோட அம்மா இருந்தா கேட்டுக்கங்க," என்றார். முதல் சொல்லில் தடுமாறிய குரல் பிறகு நிமிர்ந்தது. "உங்க மக கள்ளம் செய்யல. ஏழு ஆட்டமும் அவங்களே யோசிச்சு, அவங்களே வென்றாங்க. பிழை எங்க மேலதான். மன்னிச்சுக்கங்க அம்மா."

ஜெயராணி சோற்றுப் பார்சலை இடுக்கிக்கொண்டு, அனுமதியில்லை என்ற பலகையைத் தாண்டி, மண்டபத்துக்குள் நேரே நடந்து வந்தாள். யாரும் மறிக்கவில்லை. அவள் மேசையருகே வந்து நிற்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான், கிருஷாந்தி பேனையைத் திறந்து, தன் பேரை முழுதாக, கொட்டை எழுத்தில், தமிழில் எழுதினாள்.