மூன்று சென்ட் ரோஜா

ஒரு கண்ணில் அறுவை முடிந்த மூன்றாம் நாள்தான், தன் சமையலறைச் சுவர் வெள்ளை என்பது ஹார்லன் ஷுக்குக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாக அதை வெண்ணெய் நிறம் என்று நினைத்திருந்தார். வலது கண்ணை மூடினால் வெள்ளை, இடது கண்ணை மூடினால் வெண்ணெய். எழுபத்தொரு வயது மனிதர் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு மாறி மாறிக் கண்ணடித்துப் பார்த்தார். பார்த்துச் சிரிக்க வீட்டில் ஆளில்லை.

முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். கண்புரை முதலில் நீலத்தைத்தான் தின்னும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எத்தனை வருடமாகத் தின்றுகொண்டிருந்ததோ?

மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஹார்லனுக்கோ கண்ணைத் தவிர வேறு சொத்து கிடையாது. சேன்ஸ்வில் பீங்கான் ஆலையில் முப்பத்துநாலு வருடம் நிறம் பார்த்துக் கலந்தவர். வீட்டுக்கு வந்தால் தபால்தலை. அதிலும் ஒரே ஒரு தபால்தலை, 1861இல் வந்த மூன்று சென்ட். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். எல்லாவற்றிலும் வாஷிங்டனின் அதே தலை, அதே பூவேலை. நிறம் மட்டும் மை கலக்கியவன் கையைப் பொறுத்தது. பெரும்பாலும் ரோஜா நிறம், அது தெருவுக்குத் தெரு கிடைக்கும். முதல் சில வாரம் அச்சடித்ததில் மட்டும் இளஞ்சிவப்பு உண்டு. அந்த இளஞ்சிவப்பிலும் லேசாக நீலம் ஓடுகிற ஒன்று உண்டு, அதற்குப் புறா ரத்தம் என்று பெயர். நமக்கெல்லாம் எல்லாமே ரோஸ்தான். ஹார்லனிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு அவருக்குக் காபி இறங்காது.

கிழக்கு ஓஹையோவில் யார் கையில் மூன்று சென்ட் கிடைத்தாலும் அது ஹார்லன் கண்ணுக்கு வந்துதான் போகும். அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு நிறத்தைப் பற்றி அவர் யாருக்காகவும் வளைந்து பேசியது கிடையாது. அந்தத் தலைக்கனம்தான் குடியைக் கெடுத்தது.

எல்வுட் பிங்கம் ஓய்வுபெற்ற தபால்காரர். ஹார்லனின் மனைவி இறந்த பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் பொரித்த மீன் பொட்டலத்தோடு வருவார். இரண்டு பேரும் மீனைத் தின்று கையைத் துடைத்துவிட்டு ஆல்பத்தைத் திறப்பார்கள். முப்பது வருடச் சிநேகம். ஐந்து வருடத்துக்கு முன்னால் எல்வுட் ஒரு பழைய கடித உறையைத் தபால்தலைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். போருக்குப் போன கொள்ளுத்தாத்தா முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம், 1861 செப்டம்பர். மேலே மூன்று சென்ட் ஒட்டியிருந்தது. அது புறா ரத்தம் என்று எல்வுட்டுக்கு ஒரே நம்பிக்கை.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஏழு பேர் சுற்றி நிற்க, ஹார்லன் அதை வாங்கிப் பார்த்தார். "ரோஜா" என்றார்.

"நல்லாப் பாருய்யா. தேதியும் ஒத்து வருது."

"தேதிக்கு நிறம் கிடையாது."

"இன்னொரு தடவை பாரேன். எனக்காக."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "முப்பது வருஷம் வீடு வீடா கடுதாசி போட்டவன், கடுதாசி மேல என்ன ஒட்டியிருக்குன்னு தெரியல பாருங்க. இந்த ஆளு பேசாம சோடா மூடி சேர்க்கலாம். உங்க தாத்தனும் உன்னை மாதிரிதான் போல, குருட்டுத்தனமா எவன்கிட்டயோ வாங்கி ஒட்டியிருக்கான்."

ஏழு பேரும் சிரித்தார்கள். எல்வுட்டும் கொஞ்சம் சிரித்தார். பிறகு உறையை வாங்கிப் பைக்குள் வைத்தார், கோட்டை மாட்டினார், போனார். அந்த வெள்ளிக்கிழமை மீன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. சரியாகச் சொன்னதற்கு நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று ஹார்லன் வீம்பாக உட்கார்ந்தார். உட்கார்ந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் அவர் வீட்டு மணியை அடித்தவர்கள் மின்சாரக் கணக்கு எடுப்பவரும், தேவாலயத்துக்கு நன்கொடை கேட்டு வந்த இரண்டு அம்மாக்களும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் அவருக்கு அழுகை முட்டும். வெளியில் சொல்லத்தான் மாட்டார்.

இப்போது சமையலறையை விட்டு ஓடிப்போய் ஆல்பத்தை எடுத்தார். வடக்கு ஜன்னலில் வைத்துப் புதுக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய பக்கங்கள் சரியாகவே இருந்தன. கடைசி ஏழெட்டு வருடத்தில் ஒட்டியவற்றில் ரோஜா என்று தன் கையால் எழுதிய இரண்டு, பளிச்சென்று இளஞ்சிவப்பாக நின்றன. அவற்றில் நீலம் ஓடியது.

வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். ஹார்லனுக்கோ ஐந்து வருடத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. எல்வுட் சொன்னது சரியாக இருக்கலாம். சரியாகத்தான் இருக்கும்! அப்படியானால் போய் நிற்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான்தான் தப்பு, என் கண் தப்பு என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமைகள் திரும்பி வந்துவிடும்.

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மார்ச் மாதச் சேற்றுப் பனியில் ஒன்பது தெரு நடந்து போனார். எல்வுட்டின் மனைவி நியோமாதான் கதவைத் திறந்தாள்.

"அடேங்கப்பா! யாரு வந்திருக்கறது பாரு. வழி ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. ஒரு கண்ண அறுத்திருக்கு, நடந்தே வந்தேன்."

"ஒத்தைக் கண்ண வச்சுக்கிட்டா? உள்ள வாங்க, காபி போடறேன்."

எல்வுட் ஜன்னலோரம் சீட்டு மேசையில் ஆயிரம் துண்டுப் படப்புதிர் ஒன்றை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், எழுந்திருக்கவில்லை. ஆள் மெலிந்திருந்தார். ஹார்லன் நின்றபடியே படபடவென்று எல்லாவற்றையும் சொன்னார். அறுவை, சுவர், நீலம், ஆல்பத்தில் இருந்த இரண்டு.

"அந்த உறைய எடு, எல்வுட். நான் மறுபடி பார்க்கணும்."

எல்வுட் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தார்.

ஹார்லன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வலது கண்ணை மூடினார். ரோஜா. உறையைச் சாய்த்துப் பார்த்தார். ரோஜா. நீலம் துளிகூட இல்லை. வராதா வராதா என்று கெஞ்சாத குறையாகப் பார்த்தார். தெருவுக்குத் தெரு கிடைக்கிற அசல் ரோஜா. அன்றைக்குப் புரை விழுந்த கண்ணோடு அவர் சொன்னதே சரி.

இப்படியும் ஒரு கொடுமை உண்டா? தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்த மனிதர் சரியாக இருந்து தொலைத்தார். ரோஜா என்று இப்போது சொன்னால் வந்த வழியே போக வேண்டியதுதான். மறுபடி அந்த வீடு, அந்தச் சுவர்.

"புறா ரத்தம்" என்றார் ஹார்லன். "சந்தேகமே இல்ல. நீ சொன்னதுதான் சரி. நான்தான் குருடன்."

வாழ்நாளில் ஒரு நிறத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. காது மடல் சூடானது.

"புதுக் கண்ணாலதான பார்த்தே?" என்றார் எல்வுட்.

"ஆமா."

"அப்ப அந்த டாக்டர்கிட்ட காசத் திருப்பிக் கேளு."

இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நியூயார்க்கில் இருக்கும் நிபுணர் குழுவின் சான்றிதழ், உறையின் படத்தோடு. நிறம் ரோஜா என்று தட்டச்சு செய்திருந்தது. தேதி நான்கு வருடத்துக்கு முந்தையது.

ஹார்லனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைப் பார்க்க விட்டியா?"

"நீ என்னதான் சொல்றேன்னு பார்த்தேன்." எல்வுட் குரல் உயரவில்லை. "ரோஜான்னு சொன்னதுக்கா நான் வராம இருந்தேன்? நீ ரோஜான்னா ரோஜாதான், அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஏழு பேரு முன்னால என்னைச் சிரிப்பாச் சிரிக்க வச்சே. செத்துப்போன மனுஷனையும் சேத்து இழுத்தே. அப்படிப் பேசியிருக்கக் கூடாதுய்யான்னு ஒரு வார்த்தை வரும்னு பார்த்தேன். இந்தக் காகிதம் வந்தப்பக்கூட நெனச்சேன், அவன் சொன்னதுதான் சரியாப் போச்சே, இனிமே பெரிய மனசு பண்ணி வருவான்னு."

"இப்பச் சொல்றேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் வாய்க்கொழுப்பு."

எல்வுட் தலையாட்டினார். புதிர்த் துண்டு ஒன்றைக் கையில் உருட்டினார். "ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லு. உனக்குக் கண்ணு அறுக்காம இருந்திருந்தா, வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்ற சொல் ஹார்லனின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இந்த மனிதனிடம் இப்போதுதான் ஒரு பொய் சொல்லி மூக்கறுபட்டிருந்தார். இன்னொன்று சொல்லக் கூசியது. இனிமேலாவது நேர்மையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் பட்டது.

"இல்ல" என்றார். "வந்திருக்க மாட்டேன்."

எல்வுட் உறையையும் சான்றிதழையும் சேர்த்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அவர் கண் கலங்கியிருந்தது ஹார்லனின் புதுக் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

"இதுக்குத்தான்யா நீ பொய் சொல்லியிருக்கணும்" என்றார் எல்வுட்.

நியோமா காபியோடு வந்தபோது ஹார்லன் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். உட்காருங்க, உட்காருங்க என்று அவள்தான் சொன்னாள். எல்வுட் குனிந்து புதிர்த் துண்டுகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்.