அகஸ்ரின் எறிந்த இரண்டு ஆசு

போக்கரில் கையில் வரும் முதல் இரண்டு சீட்டை மட்டும் பார்ப்பவன் அரை ஆட்டக்காரன். மேசையில் இருப்பவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து, எந்தச் சீட்டோடு இறங்குவது என்று முடிவெடுப்பவன்தான் ஆட்டக்காரன். கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் எங்கள் மீன் உணவகத்துக் குசினியில் இதை நான் எத்தனை தரம் அளந்துவிட்டிருப்பேன்! மத்தியானச் சமையல் முடிந்ததும் செதில் ஒட்டிய மேசையைத் துடைத்துவிட்டு நாங்கள் நாலு பேர் விளையாடுவோம். காசு இல்லை, காய்ந்த பாஸ்தாதான் பந்தயம்.

நான் கோப்பை கழுவிய காலத்தில் எல்லாரும் எந்தக் குப்பைச் சீட்டுக்கும் பாஸ்தாவை அள்ளி வைப்பார்கள். நான் நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருப்பேன். 2015இல் முதலாளி என்னைக் குசினிக்குப் பொறுப்பாக்கி, எல்லாருக்கும் வேலை நேரமும் லீவும் எழுதும் பேனையையும் தந்தார். அதன் பிறகு மேசை மாறிப்போனது. நான் பந்தயத்தைக் கூட்டி வைத்தால் எல்லாரும் அந்த ஆட்டத்தை விட்டுச் சீட்டை எறிந்தார்கள். பயந்த மேசை என்று கணக்குப் போட்டு, நானும் குப்பையோடு இறங்கத் தொடங்கினேன். வென்றுகொண்டே இருந்தேன். தலைக்கனம் வேறு.

ஆகஸ்ட் பதினைந்து இங்கே திருநாள், கடை நிரம்பி வழியும். குசினியில் ஒருவருக்குத்தான் லீவு. வெல்பவன் எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வெட்கமில்லாமல் நானும் உட்கார்ந்தேன். எனக்கு அந்த லீவு தேவையே இல்லை. எங்கள் நாலு பேரில் அகஸ்ரினுக்குத்தான் தேவை. ஏழு வருசத்துக்குப் பிறகு அவன் மனைவி சறோஜா அன்று காலை நாப்போலிக் கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்குகிறாள்.

கடைசியில் அவனும் நானும் மிஞ்சினோம். எனக்கு ஏழும் இரண்டும், அதைவிடக் கேவலமான சீட்டு இல்லை. இருந்த பாஸ்தா முழுவதையும் தள்ளினேன். அகஸ்ரின் தன் சீட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், எறிந்தான். பொறுக்கும்போது புரட்டிப் பார்த்தேன். இரண்டு ஆசு, இரண்டும் ஏஸ். போக்கரில் அதற்கு மேல் தொடக்கம் கிடையாது.

"உந்தச் சீட்டை ஏன் எறிஞ்சனீ?"

"வேலை நேரம் எழுதுறது நீங்கள்தானே அண்ணை. உங்களை வெண்டுபோட்டு நான் எங்கை போறது?"

என் பேனைக்குப் பயந்து இவர்கள் எறிந்ததையெல்லாம் என் கெட்டித்தனம் என்று நம்பியிருக்கிறேன். சீ, என்ன பிறவி நான்! ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, எல்லாரும் பார்க்க அகஸ்ரினுக்கு லீவு எழுதினேன். அதோடு அந்த அருவருப்பு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை மறுபடி உட்கார்ந்தோம். நான் இன்னும் என் சீட்டைத் தொடக்கூட இல்லை. எங்களோடு ஆடும் வசீகரன் தன் இரண்டு ராசாக்களையும் முகம் தெரிய எனக்கு முன்னால் மெல்ல வைத்தான். செப்டெம்பரில் அவன் தங்கைக்குக் கலியாணம், அவனுக்கும் லீவு வேண்டும்.

"பெரிய சீட்டுத்தான் அண்ணை," என்றான் சிரித்துக்கொண்டு. "எண்டாலும் உங்களுக்கு விடுறன்."