பின்வரிசைப் பல்

“அம்மா, அப்பா பிளையரை வெந்நீர்ல போட்டு வெச்சிருக்கார்!”

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் போனை எடுத்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். ஆறு வயது மகளின் குரல் இவ்வளவு சன்னமாக வந்ததே இல்லை.

“எதுக்குடி?”

“பின்னாடி முளைச்ச பல்லைப் பிடுங்கப் போறாராம். அவர் போனோட நான் பாத்ரூம்ல...”

தொடர்பு அறுந்தது. திரும்ப அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

தப்பு அவளுடையதுதான். காலையில் பல் தேய்த்துவிடும்போது பார்த்திருந்தாள். கீழ் வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பால் பல் விழாமலே, அதற்குப் பின்னால் புதுப்பல் எட்டிப்பார்த்தது. வாரத்துக்கு நாலு பிள்ளைகள் இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் முன்னால் நிற்பது தானே விழும். பின்னால் இருப்பது மெல்ல நகர்ந்து இடம் பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் சொல்ல நேரமெங்கே? செருப்பை மாட்டிக்கொண்டே, “ஒரு பல் கூடுதலா நிக்குது, எடுக்க வேண்டியிருக்கும்” என்று கணவனிடம் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள்.

அவன் பைக் மெக்கானிக். அவன் கணக்கில் முதலில் இருந்தது கம்பெனி பாகம். பிறகு வந்தது எவனோ சொருகியது; கழற்ற வேண்டியது அதைத்தான். இன்றைக்கு அவனுக்கு லீவு வேறு. கை சும்மா இருக்குமா?

புதுப்பல் போனால் போனதுதான். மறுபடி முளைக்காது.

“டாக்டர், அரை மணி நேரம்!” பதிலுக்குக் காத்திராமல் பாய்ந்தாள். கிளம்பிய பஸ்ஸில் தொற்றினாள். சிக்னலில் அது ஆணி அடித்தாற்போல் நின்றது. குதித்து இறங்கி மிச்ச தூரத்தை ஓடியே கடந்தாள்.

வீட்டில், குளியலறை வாசலில் குத்துக்காலிட்டிருந்தான் கணவன். கையில் ஆவி பறக்கும் பிளையர்.

“வெளிய வாடா செல்லம். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

“எறும்பு பிளையர் வெச்சுக்கிட்டா கடிக்கும்?” உள்ளிருந்து பதில் வந்தது.

“அதைக் கீழ வைங்க!” என்று கத்தினாள்.

“நீதானே எடுக்கணும்னே? நூல் கட்டிப் பார்த்தேன். அரைகுறையா முளைச்சிருக்கு, வழுக்குது.”

“வழுக்கினதாலதான் தப்பிச்சோம்! அதுதாங்க ஆயுசுக்கும் இருக்கப்போற பல். போக வேண்டியது முன்னால நிக்கிறது!”

அவன் முகம் பேயறைந்தது போலானது.

கதவைத் தட்டினாள். “கண்ணு, அம்மா வந்திருக்கேன். திற.”

“நீயும் பிடுங்கத்தானே வந்திருக்கே?”

“சத்தியமா இல்லை. யாரும் தொடமாட்டோம்.”

உள்ளே குழாய்ச் சத்தம். பிறகு “த்தூ!”

தாழ்ப்பாள் விலகியது. மகளின் மோவாயில் ரத்தம். உள்ளங்கையில் ஒரு பல்.

“நானே எடுத்துட்டேன். ஏதோ ஒண்ணு போனா விட்டுடுவீங்கல்ல?”

எது? மகளின் உதட்டை விலக்கினாள். முன்வரிசையில் ஓட்டை. அதற்குப் பின்னால், ரம்பம் போன்ற விளிம்போடு புதுப்பல் அசையாமல் நின்றது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் பல்லைப் புரட்டிப் பார்த்து அலறினான். “ஐயோ, வேரைக் காணோமே! உடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. டார்ச் எங்கே?”

“வேர் கரைஞ்சாதான் பால் பல் விழும். பேசாம உட்காருங்க.”

உட்கார்ந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது. கண் மகளின் வாயை விட்டு நகரவில்லை.

“ஏண்டி, அந்தப் பக்கத்துப் பல்லும் லேசா ஆடற மாதிரி...”

அவன் முடிப்பதற்குள் மகள் உள்ளே பாய்ந்து தாழ் போட்டுக்கொண்டாள்.